நைட்ரஜன் தண்டனையும் கருணைக்கொலையும்: ‘மனிதாபிமானம்’ என்ற சொல் எதை அளக்கிறது?

2024 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கென்னத் ஸ்மித் என்ற கைதிக்கு நைட்ரஜன் வாயுவால் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்த முறையில் நிறைவேறிய முதல் தண்டனை அது. வலியில்லாத முறை என்றது மாநில அரசு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த செய்தியாளர்களோ, சில நிமிடங்கள் அவர் உடல் உதறித் துடித்தது என்று எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில், ‘சார்கோ’ என்ற கருவிக்குள் ஓர் அமெரிக்கப் பெண் தன் விருப்பப்படி உயிரை விட்டார். அங்கேயும் நைட்ரஜன்தான். உடன் இருந்தவர்களைக் காவல்துறை கைது செய்தது.

சிங்கப்பூரிலும் இந்தப் பேச்சு வேறு வேறு வாசல் வழியாக வருகிறது. சாங்கிச் சிறையில் ஒருவரைத் தூக்கிலிடும்போது, மருத்துவமனையில் ஒரு பெரியவரின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா என்று குடும்பம் கூடிப் பேசும்போது, அடுக்குமாடிக்குக் கீழே புறாக்களைப் பொறிவைத்துப் பிடிக்கும்போது. எல்லா இடத்திலும் ஒரே சொல்: ‘மனிதாபிமான முறை’. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அது அளப்பது வேறு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சொற்களைப் பிரிப்போம்

1. மரண தண்டனை. கொல்வது அரசு. சாகிறவரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

2. கருணைக்கொலை. இதற்குள்ளேயே மூன்று வகை உண்டு. மருத்துவரே மருந்தைச் செலுத்துவது ஒன்று. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல் இதை அனுமதிக்கின்றன, கனடா 2016 முதல். மருத்துவர் மருந்தை எழுதித் தர, நோயாளி தானே எடுத்துக்கொள்வது இரண்டாவது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாவது, பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோயின் போக்கில் விட்டுவிடுவது. இந்திய உச்ச நீதிமன்றம் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இலும், பிறகு விரிவாக 2018இலும் ஏற்றுக்கொண்டது இந்த மூன்றாவதை மட்டும்தான். இதைக் கருணைக்கொலை என்று அழைப்பதே தவறு என்று சொல்லும் மருத்துவர்கள் நிறைய. சிங்கப்பூர்ச் சட்டமும் அவர்கள் பக்கம்தான். அந்தச் சட்டத்தைப் பிறகு பார்ப்போம்.

3. விலங்குகளைக் கொல்வது. நோயுற்ற நாய்க்குப் போடும் ஊசியிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பறவைகளை ஒழிப்பது வரை இதில் அடங்கும்.

கருணைக்கொலையைக் குறிக்கும் ‘யூதனேசியா’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ‘நல்ல சாவு’ என்றுதான் பொருள். நாமும் தூக்கத்திலேயே போய்விட்டவரைப் பற்றி ‘நல்ல சாவு’ என்கிறோம். பேரன் பேத்தி எடுத்துப் போனால் ‘கல்யாணச் சாவு’. ஆனால் இன்னொருவர் கைபட்டு வரும் சாவுக்குத் தமிழ் வைத்த பெயரில் கருணையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ் கொஞ்சம் வெளிப்படையான மொழிதான்.

மூச்சுத் திணறல் எங்கிருந்து வருகிறது

வாயு விவாதத்தின் மையமே உடலியலில் இருக்கும் ஒரு விசித்திரம். மூச்சை அடக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சற்று நேரத்தில் நெஞ்சு முட்டி, ‘விடு, விடு’ என்று உடல் கெஞ்சும். உயிர்வாயு குறைந்ததால் அந்தத் தவிப்பு வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதை முக்கியமாகக் கிளப்புவது வெளியேறாமல் தங்கிவிடும் கரியமில வாயு. அது ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளைத்தண்டு அதை உணர்ந்து எச்சரிக்கை மணி அடிக்கிறது. உயிர்வாயு குறைவதற்கு அடிக்கும் மணி அவ்வளவு சத்தமானதல்ல.

இதை வைத்து மூன்று வாயுக்களையும் வேறுபடுத்தலாம்.

1. சயனைடு வாயு. செல்கள் உயிர்வாயுவைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். மூச்சு உள்ளே போகும், பலன் இருக்காது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வாயு அறைகளில் பயன்பட்டது இதுதான். ஆஷ்விட்ஸ் போன்ற நாஜி முகாம்களில் யூதர்களைக் கொன்ற வாயுவும் இதே நஞ்சுதான். ‘வாயு அறை’ என்ற சொல்லை இன்று யாராலும் வெறும் தொழில்நுட்பச் சொல்லாகப் படிக்க முடியாததற்குக் காரணம் அது.

2. கரியமில வாயு. எச்சரிக்கை மணியையே நேரடியாக அடிக்கிற வாயு. ஈரமான மூக்கு, தொண்டைத் தோலில் பட்டால் அமிலமாக மாறும். குளிர்பானம் குடிக்கும்போது மூக்கில் ஏறி எரிந்ததே, அந்த எரிச்சலின் பெரிய வடிவம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பற்றிச் சொன்னது மறக்க முடியாதது. மூளையில் அச்சத்துக்கு முக்கியமான பகுதி நோயால் சிதைந்து, பாம்பைக் கண்டாலும் பயம் வராத சிலருக்கு, இந்த வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். அவர்களும் பீதியடைந்தார்கள். அதாவது இந்தத் தவிப்பு, நம் அச்சம் உருவாகும் வழக்கமான பாதையைக்கூடக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

3. நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு இதுதான். நஞ்சு அல்ல, உயிர்வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கொல்கிறது. கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறுவதால் மணி அடிக்காது, தவிப்பு இருக்காது என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அவர்கள் காட்டும் சான்றுகளில் முக்கியமானவை தொழிற்சாலை விபத்துகள். அந்தச் சான்றில் ஓர் ஓட்டை இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்குத் தான் சாகப்போவது தெரியாது. முகத்தில் கவசம் பூட்டி, கட்டிலில் கட்டி, நேரம் குறித்து வைக்கப்பட்ட ஒருவரின் நிலையோ அதற்கு நேர் எதிரானது.

‘இதுவே கடைசி, இதுவே நல்ல முறை’

கொல்லும் முறைகளின் வரலாற்றைப் படித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். பிரான்சில் 1792இல் வந்த தலைவெட்டும் இயந்திரம், கோடரி தவறி விழும் கொடுமைக்கு மாற்று என்றே வந்தது. பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூக்குமேடையின் அமைப்பைத் திருத்தியதும் கழுத்து இறுகி நெடுநேரம் துடிப்பதைத் தவிர்க்கத்தான். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது அந்தத் திருத்தப்பட்ட தூக்கு.

வாயுவின் கதை நெவாடாவில் தொடங்குகிறது. 1921இல் அங்கே போட்ட சட்டத்தின் நோக்கமே மரண தண்டனையை மனிதாபிமானமாக்குவது. கைதி தூங்கும்போது அவர் அறைக்குள்ளேயே வாயுவை விட்டுவிடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது என்று யோசித்தார்கள். வாயு என்ன, சொன்ன இடத்தில் நிற்கிற பொருளா? அறையில் அடைத்து வைக்க முடியவில்லை. தனிக் கூண்டு கட்டி, 1924 பிப்ரவரியில் ஜீ ஜான் என்ற சீனக் குடியேறியை அதில் கொன்றார்கள். தூக்கத்தில் போகும் சாவாக எண்ணிய திட்டம், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஊரார் பார்க்கும் சாவாக முடிந்தது.

பிறகு வந்தவை நல்ல செய்திகள் அல்ல. 1983இல் மிசிசிப்பியில் ஜிம்மி லீ கிரே என்பவர் தலையை இரும்புக் கம்பத்தில் மோதிக்கொண்டு துடித்தபோது, அதிகாரிகள் சாட்சிகளை அறையைவிட்டு வெளியேற்றினார்கள். 1994இல் கலிஃபோர்னியாவின் வாயு அறை கொடூரமானது, அரசமைப்புக்கு முரணானது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். 1999இல் அரிசோனாவில் ஒரு ஜெர்மானியக் குடிமகனுக்கு நிறைவேற்றிய தண்டனையோடு சயனைடு வாயு நின்றுபோனது.

இடையில் ஊசி வந்துவிட்டது. ஒக்லஹோமா 1977இல் சட்டமாக்கியது. டெக்சஸ் 1982 டிசம்பரில் முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது. மூன்று மருந்துகள்: ஒன்று மயக்கத்துக்கு, ஒன்று தசைகளை முடக்க, ஒன்று இதயத்தை நிறுத்த. நடுவில் இருக்கிறதே, அந்தத் தசை முடக்கும் மருந்து, அதைத்தான் யோசிக்க வேண்டும். சாவதற்கு அது தேவையில்லை. மயக்க மருந்து சரியாக வேலை செய்யாமல் கைதி விழித்திருந்தாலும் அவரால் விரலைக்கூட அசைக்க முடியாது, கத்த முடியாது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் அமைதியாக இருக்கும். அந்த மருந்து யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்டால், பார்ப்பவர்களுக்காக என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

2010க்குப் பிறகு மருந்து கிடைப்பதே சிக்கலானது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உயிர் காக்கத் தயாரித்ததை உயிரெடுக்கத் தரமாட்டோம் என்று மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒக்லஹோமா 2015இலும், மிசிசிப்பி 2017இலும், அலபாமா 2018இலும் நைட்ரஜனைச் சட்டத்தில் சேர்த்தது அந்த நெருக்கடியில்தான். மென்மையான முறை ஒன்றை மருத்துவ உலகம் கண்டுபிடித்துக் கொடுத்ததால் அல்ல. மருந்து அலமாரி காலியானதால்.

அலபாமா வழக்கு உண்மையில் என்ன காட்டியது

கென்னத் ஸ்மித்துக்கு அது இரண்டாவது முறை. 2022 நவம்பரில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் தண்டனையைக் கைவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது: ஊசிக்கு எதிரான வழக்கில் மாற்றாக நைட்ரஜனைக் குறிப்பிட்டதே அவர் தரப்புதான். காரணம் அமெரிக்கச் சட்டம். வலியற்ற சாவுக்கு அரசமைப்பு உத்தரவாதம் தரவில்லை. ஒரு முறையை எதிர்க்கும் கைதி அதைவிட வலி குறைந்த, நடைமுறைக்கு ஏற்ற மாற்று முறையைத் தானே காட்ட வேண்டும் என்பது 2019இல் பக்லியூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. தன்னைக் கொல்ல நல்ல வழியைத் தானே சொல்ல வேண்டும். சொன்னால், அந்த வழியிலேயே கொல்வார்கள்.

தண்டனைக்கு முன், சில விநாடிகளில் நினைவு போய்விடும் என்று மாநிலம் வாதாடியது. நடந்ததைச் சாட்சிகள் வேறு விதமாகச் சொன்னபோது, ஸ்மித் முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததாகத் தெரிகிறது என்றார் சிறைத்துறை ஆணையர். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரோ, இது இனி நிரூபிக்கப்பட்ட முறை என்று அறிவித்தார். பிறகு அலபாமா இதே வழியில் மேலும் சிலரைக் கொன்றது. 2025 மார்ச்சில் லூயிசியானாவும் சேர்ந்துகொண்டது.

சிறைத்துறை ஆணையரின் அந்த விளக்கத்தைச் சாக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு யோசித்தால்தான் முடிச்சு அவிழ்கிறது. இந்த முறை தவிப்பில்லாமல் வேலை செய்ய வேண்டுமானால், சாகிறவர் நிதானமாக மூச்சை இழுத்துவிட வேண்டும். சாக விரும்பாதவர் அப்படிச் செய்ய மாட்டார். மூச்சை அடக்குவார், முரண்டுபிடிப்பார், அடக்கும்போது கரியமில வாயு சேரும், மணி அடிக்கத் தொடங்கும். ஆகவே ‘வலியில்லை’ என்ற குணம் வாயுவுக்குள் இருப்பதில்லை. அதில் பெரும்பகுதி சாகிறவரின் ஒத்துழைப்பில் இருக்கிறது. ஒத்துழைப்பைக் கேட்டுப் பெற முடியாத இடத்தில் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவும் முடியாது.

கால்நடை மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி, கோழி, வான்கோழி போன்றவற்றுக்கு நைட்ரஜனை ஏற்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு ஏற்பதில்லை. எலி போன்றவை அந்த வாயுவை விட்டு விலகி ஓடுவதைச் சோதனைகள் காட்டின என்பது ஒரு காரணம். எலிக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்று கேள்விகள்

எந்த முறையைப் பற்றிய செய்தி வந்தாலும் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

1. உடல் தவிக்கிறதா? இதற்கு அறிவியல் ஓரளவு பதில் சொல்லும். விலங்குகள் விஷயத்தில் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான் முன்னால் நிற்கிறது.

2. மனம் தவிக்கிறதா? தேதி தெரிந்து காத்திருப்பது, ஒருமுறை தப்பி மறுமுறை போவது, குடும்பத்திடம் விடைபெறுவது. எந்த வாயுவை மாற்றினாலும் இது மாறாது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் தானே கேட்டு வாங்கும் ஒருவருக்கு இதே கேள்விக்குப் பதில் தலைகீழாக இருக்கலாம்.

3. யாருடைய தவிப்பு குறைகிறது? சாகிறவருடையதா, ஊசி போடுகிறவருடையதா, பார்க்கிறவருடையதா?

விவாதங்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை தேடுவதுபோல் பேசி, மூன்றாவதுக்கு விடை கண்டுவிட்டு முடிந்துவிடுகின்றன.

சிங்கப்பூரில் நிலவரம்

மரண தண்டனைக்கு இங்கே ஒரே முறைதான். ‘உயிர் பிரியும்வரை கழுத்தில் கயிறிட்டுத் தூக்கிலிட வேண்டும்’ என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. 2019க்குப் பிறகு நின்றிருந்த தண்டனைகள் 2022 மார்ச்சில் மீண்டும் தொடங்கின. அந்த ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் வழக்கு இரு கரையிலும் பேசப்பட்டது நினைவிருக்கும். அந்த வாதமெல்லாம் அவருடைய அறிவுத்திறன் பற்றியும், 42.72 கிராம் ஹெராயினுக்கு இந்தத் தண்டனை தகுமா என்பது பற்றியும்தான். தூக்கா வேறு முறையா என்பது பற்றி அல்ல.

அமெரிக்கப் பாணி வழக்குகள் இங்கே வராததற்குச் சட்டக் காரணம் உண்டு. கொடூரமான தண்டனையைத் தடைசெய்யும் பிரிவு அமெரிக்க அரசமைப்பில் இருக்கிறது, சிங்கப்பூர் அரசமைப்பில் இல்லை. 1966இல் ஓர் ஆணையம் அப்படி ஒரு பிரிவைப் பரிந்துரைத்தும் அது சேர்க்கப்படவில்லை என்பதை 2010இல் யோங் வுய் கோங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. செய்தியாளர்கள் தண்டனையைப் பார்ப்பதும் இங்கே இல்லை. அலபாமாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பாதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுதியதால் தெரிந்தது. இந்தியாவில் வழி சற்று அகலம். தூக்கு கொடூரமானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983இல் தீனா வழக்கில் சொன்னாலும், வேறு முறை வேண்டும் என்ற மனுவை 2017இல் மறுபடி விசாரணைக்கு எடுத்தது.

பறவைகள் விஷயம் சின்னது போலத் தெரியும். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் சேவல் கூவும் சத்தம் பற்றிப் புகார் வந்து, 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றபோது ஊரே பேசியது. புறா, காகத்தைக் குறைக்கும் பணிகளிலும் ‘மனிதாபிமான முறை’ என்ற சொல் அறிவிப்புகளில் வரும். கரியமில வாயு பறவைகளுக்கு நிபந்தனையோடு ஏற்கத்தக்கது என்பது மேலே சொன்ன வழிகாட்டியின் நிலை. உணவு குறைந்தால் பறவையும் குறையும் என்பதால் தீனி போடுவதே இங்கே குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது

கருணைக்கொலை சிங்கப்பூரில் சட்டவிரோதம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமல்ல. அதற்கு உதவுவது இன்றும் குற்றம். (வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் உண்டு.) ஆனால் 1996இல் இயற்றப்பட்ட முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டத்தின்கீழ், குணமாக வழியில்லாத இறுதிக் கட்டத்தில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கலாம். லீ குவான் இயூவும் எழுதி வைத்திருந்தார். இது கருணைக்கொலைக்கு அனுமதி அல்ல என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

குடும்பங்களில் வரும் பெரிய சந்தேகம் இன்னொன்று: மார்ஃபின். ஊசி போட்ட மறுநாள் அப்பா போய்விட்டார், ஊசி போட்டே அனுப்பிவிட்டார்களோ என்று மனம் உறுத்தும். வலிக்கும் மூச்சிரைப்புக்கும் தேவையான அளவில், கவனித்துக் கூட்டிக் குறைத்துத் தரும் மார்ஃபின் சாவை முந்திக் கொண்டுவருவதில்லை என்பதே அந்திமகாலப் பராமரிப்பு மருத்துவர்களின் நிலை. நோக்கம் வலியைக் குறைப்பது. சாவைக் கொண்டுவருவது அல்ல. ஊசி என்று கேட்டதும் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால், மருத்துவரிடம் ‘இது எதற்கு, எவ்வளவு’ என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. மருத்துவமனையில் நிகழும் மரணங்களின் பங்கை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 ஆகக் குறைப்பது அரசின் இலக்கு. வீட்டில் இறப்பவர்கள் கூடும்போது இந்தக் கேள்வியும் வீட்டுக் கூடத்துக்கு வரும்.

முன்கூட்டிய மருத்துவ உத்தரவை எழுத என்ன வேண்டும் என்று பார்த்தால், சம்மதத்தைச் சட்டம் எவ்வளவு எச்சரிக்கையாகக் கையாளுகிறது என்பது புரியும்.

1. வயது 21 நிறைந்து, தெளிந்த மனதோடு இருக்க வேண்டும்.

2. இரண்டு சாட்சிகள், ஒருவர் மருத்துவர். எழுதுகிறவரின் சாவால் இருவருக்கும் எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது.

3. எழுதி வைத்திருக்கிறீர்களா என்று மருத்துவரோ தாதியோ நோயாளியைக் கேட்கக் கூடாது.

4. நோய் இறுதிக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று 3 மருத்துவர்கள் ஒருமனதாகச் சான்றளித்தால்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் வலி நிவாரணம் நிறுத்தப்படாது.

5. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எழுத வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சாட்சியின் முன்னால் வாயால் சொன்னால் போதும்.